அத்தாட்சி இல்லாத மரணம்

அன்று எங்களிடம் அத்தாட்சி கேட்ட அந்தப் பெண்மணியை நான் மனதுக்குள் திட்டியது சரியா, பிழையா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சில நாட்களில் சரி என்று தோன்றும். மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று பிழை என்று தோன்றும்.

இது நடந்தது இதே 2009ஆம் ஆண்டில், லண்டன் செவன் கிங்ஸில் இருக்கும் எங்கள் வீட்டில். மகள் அப்போதுதான் கதிரையைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகியிருந்தாள். நான், கணவர், மகள், கணவரின் தம்பி என்று வீட்டில் நான்கு பேர். கணவரின் தம்பியை நானும் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவன் என்னை மச்சாள் என்பான். இருபத்துநான்கு வயது. அப்டன் பார்க்கில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை.

முந்தைய ஆண்டின் கடைசியில், ஒரு கலியாண மண்டபத்துக்கு வெளியே நடந்த சண்டையில் தம்பி ஒருவரின் தாடையை உடைத்துவிட்டான். யார் முதலில் கைவைத்தது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். தாடை உடைந்ததில் மட்டும் இரண்டு கதை இல்லை. அந்த மனிதர் பல வாரங்கள் குழாய் வைத்து உறிஞ்சித்தான் சாப்பிட்டார் என்று நீதிமன்றத்தில் வாசித்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டான்.

தண்டனை சொல்வதற்கு முன்னால் புரொபேஷன் அதிகாரி ஒருவர் அவனைச் சந்தித்து நீதிபதிக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்றார்கள். அவனைச் சிறைக்கு அனுப்பாமல் வெளியே வைத்துக் கண்காணிக்கலாமா, அதற்கு அவன் ஏற்றவனா என்பதை அந்த அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். எல்லாருக்கும் அது கிடைக்காது. நிலையான வீடு வேண்டும், வேலை வேண்டும், செய்ததற்கு வருந்துகிறான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவன் இங்கே இருப்பதில் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். கணவரிடம் கேளுங்கள் என்றேன். அவரிடம் கேட்டுவிட்டேன், இப்போது உங்களிடம் கேட்கிறேன் என்றார். சம்மதம் என்றேன்.

அவர் நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார். சிறைத்தண்டனை விதித்து, அதை ஒத்திவைத்தார்கள். தம்பி ஒழுங்காக நடந்தால் உள்ளே போகத் தேவையில்லை. வாரம் ஒருமுறை அந்தப் பெண்மணியைப் போய்ப் பார்க்க வேண்டும். சம்பளமில்லாத வேலை சில மணி நேரம் செய்ய வேண்டும். மாலை ஏழு மணியிலிருந்து காலை ஏழு மணிவரை ஆறு மாதம் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. கணுக்காலில் ஒரு பட்டையைப் பூட்டி, எங்கள் முன்னறை ஜன்னலடியில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். அவன் வாசலைத் தாண்டினால் பெட்டி அறிவித்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன் போன் எடுத்து விசாரித்தார்.

"அந்த மனிசிக்கு மாதம் எவ்வளவு கட்டிறியள்?"

"ஒண்டும் கட்டிறேல்லை அண்ணை," என்றார் கணவர்.

"சும்மாவோ? இஞ்சை எங்களைக் கண்காணிக்கிறதுக்கும் நாங்கள்தான் காசு கட்ட வேணும். கட்டாட்டி அதுக்கும் உள்ளுக்குப் போக வேணும். நீங்கள் குடுத்து வைச்ச சனம்."

அந்தப் பட்டையைக் காட்டி தம்பியே பகிடி விடுவான். "மச்சாள், உங்கடை கலியாணத்துக்குக் கூட ஒருத்தரும் எனக்கு நகை போடேல்லை. அரசாங்கம் போட்டிருக்கு." மகள் தவழ்ந்து போய் அதைப் பிடித்து இழுப்பாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவேன்.

ஒரு மாலை ரயில் பழுதாகி நின்றதால் அவன் ஏழு மணிக்கு வீட்டில் இல்லை. அதற்கு எச்சரிக்கை வந்தது. இன்னொரு தடவை நடந்தால் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை என்று அந்தப் பெண்மணி சொன்னார். என்ன தேவை என்றாலும் நடந்த பிறகு சொல்லாதீர்கள், முன்னாலேயே கேளுங்கள் என்றும் சொன்னார்.

போரின் அந்தக் கடைசி நாட்களில் இலங்கையில், வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாமி, அதாவது கணவரின் தாய், அங்கேதான் இருந்தார். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. கலியாணத்துக்கு முன்னும் பின்னும் போனில் பேசியதுதான். மாசி மாதத்துக்குப் பிறகு அந்தப் போனும் இல்லை. பிறகு ஒரு நாள், முகாமுக்கு வந்து சேர்ந்த ஊர்க்காரர் ஒருவர் பிரான்ஸில் இருக்கும் தன் மகனுக்குச் சொல்ல, அவர் எங்களுக்குச் சொன்னார். பதுங்குகுழிக்கு மேல் ஷெல் விழுந்ததாம். மாமி போய்விட்டாராம்.

சுவரில் வைக்க மாமியின் தனிப்படம் எங்களிடம் இருக்கவில்லை. யாரோ ஒருவரின் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்த ஒரு படத்தில் அவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினோம். பிள்ளையின் கை மட்டும் அவர் தோளில் மிஞ்சி நின்றது. தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் போனது. பத்திரிகையிலும் போட்டோம். லண்டனில் இருக்கும் தெரிந்த சனமெல்லாம் வீட்டுக்கு வந்தது. ஏழு மணிக்குப் பிறகு வாசலில் நின்று வந்தவர்களை வழியனுப்பத் தம்பியால் ஏலாது. அவன் படத்தின் பக்கத்திலேயே இருந்தான்.

எங்களில் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்குக் கடைசி மகனும் கிரியை செய்வது வழக்கம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையைக் கடற்கரையில் செய்யலாம் என்று ஐயர் சொன்னார். உடல் இல்லாத சாவுக்கும் முறை இருக்கிறது என்றார். அந்த மாதம் அவருக்கு ஓய்வே இருக்கவில்லை. எங்களைப் போல எத்தனையோ குடும்பங்கள். விடியற்காலை ஐந்து மணிதான் அவரால் தர முடிந்தது. சவுத்எண்ட் கடலுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் நான்கு மணிக்கு முன்னால் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். தம்பியின் கட்டுப்பாடு முடிவதோ ஏழு மணிக்கு.

நான் அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். முன்னாலேயே கேட்டேன். அவர் முதலில் என் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார். பிறகு, நேரத்தை மாற்றலாம், ஆனால் ஏதாவது அத்தாட்சி வேண்டும் என்றார். மரணச் சான்றிதழ், ஆஸ்பத்திரிக் கடிதம், எதுவானாலும். அங்கே பதிவுசெய்ய ஓர் அலுவலகமே மிஞ்சவில்லை என்று விளங்கப்படுத்தினேன். பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலைக் கொண்டுபோய்க் காட்டினேன். எங்களுக்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி என்ன இருக்கிறது? அதைப் பார்த்துத்தானே நாங்கள் சாவீட்டுக்குப் போகிறோம்? இதைப் பத்திரிகைக்குக் கொடுத்தது யார் என்று அவர் கேட்டார். நாங்கள் என்றேன். அவர் அதை மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். மாமி இறந்ததை நேரில் பார்த்தது யார் என்று அடுத்துக் கேட்டார். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கிய பிறகுதான், கேள்விப்பட்டவர் சொன்னதைக் கேள்விப்பட்டவரிடமிருந்து நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம் என்பது எனக்கே உறைத்தது.

வீட்டுக்கு வந்தும் அந்த எண்ணத்தை நான் வெளியே விடவில்லை. மாலை போட்ட படத்துக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது? ஆனாலும் காணாமல் போனவர்களைத் தேடும் அமைப்பு ஒன்றுக்குப் போன் செய்தேன். காணாமல் போனவர் என்று பதியலாம், இறந்தவர் என்று எங்களால் பதிய முடியாது என்றார்கள். கணவரிடம் சொன்னேன்.

"காணாமல் போனவ எண்டு எழுதிக் குடுத்தால் அம்மா திரும்பி வருவாவோ?" என்று கேட்டார்.

அந்தப் பெண்மணி தன் மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகவும், பதில் வரும்வரை தம்பி வெளியே போகக் கூடாது என்றும் சொன்னார். அந்தியேட்டிக்கு முதல்நாள் மாலைவரை பதில் வரவில்லை. அன்றைக்குத்தான் அவரை மனதுக்குள் நான் அப்படித் திட்டினேன். பெற்ற தாயைச் சாகக்கொடுத்தவனிடம் கடதாசி கேட்கிற நெஞ்சு என்ன நெஞ்சு என்று. இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. உனக்கும் இப்படி ஒரு நாள் வரட்டும் என்றுகூட நினைத்தேன்.

அன்று மாலை கணவர் தம்பியிடம் சொன்னார்.

"நீ இரு. நான் செய்யிறன். ஐயரிட்டைக் கேட்டனான், மூத்தவனும் செய்யலாமாம்."

"அம்மாவுக்கு நான்தானே அண்ணை."

"டேய், பிடிச்சுக்கொண்டு போவாங்கள். விளங்குதோ?"

"விளங்குது."

நானும் கெஞ்சினேன். "தம்பி, மாமி இருந்தால் இதுக்கு ஓம் எண்டு சொல்லுவாவோ? யோசிச்சுப் பாருங்கோ."

அவன் பட்டையைத் தடவினான். "அவ இருக்கேக்கை நான் ஒண்டும் செய்யேல்லை மச்சாள். ஒருத்தன்ரை தாடையை உடைச்சதுதான் நான் செய்தது. இதையாவது செய்யவிடுங்கோ."

விடிவதற்கு முன் அண்ணனும் தம்பியும் கிளம்பிப் போன பிறகு நானும் மகளும்தான் வீட்டில். அந்தப் பெட்டியிலேயே ஒரு தொலைபேசி உண்டு. வெளிச்சம் வரத் தொடங்கும் நேரத்தில் அது அடித்தது. எடுத்தேன். கண்காணிக்கும் கம்பனியிலிருந்து ஒரு பையன், மரியாதையான குரலில், அவர் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டான். குளியலறையில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வரவில்லை. இல்லை என்றேன். எங்கே என்றான். தாயின் கிரியைக்குப் போயிருக்கிறார் என்றேன். அனுமதி இருக்கிறதா என்றான். இல்லை என்றேன். ஸாரி என்று சொல்லி வைத்துவிட்டான். மகள் எழுந்து அழுதாள். அவளுக்குப் பால் கரைத்தபோது மாவெல்லாம் மேசையில் கொட்டியது.

ஒன்பது மணி தாண்டித்தான் அவர்கள் வந்தார்கள். கடல் வற்றிக் கிடந்ததாம். தண்ணீரைத் தொடத் தம்பி சேற்றுக்குள் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்ததாம். முழங்கால்வரை சேறு. பட்டைக்குள்ளும் சேறு புகுந்து காய்ந்திருந்தது. குளித்துவிட்டு வந்து, படைத்த சோற்றை வயிறாரச் சாப்பிட்டான். பல வாரங்களுக்குப் பிறகு அப்படிச் சாப்பிட்டான்.

பதில் அன்று மத்தியானம் வந்தது. மேலதிகாரி மறுத்துவிட்டார். அதைச் சொல்லத்தான் போன் எடுத்தேன் என்ற அந்தப் பெண்மணிக்கு அதற்குள் காலையில் நடந்தது தெரிந்திருந்தது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். அவர் குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது.

நீதிமன்றத்தில் எங்கள் வழக்கறிஞர் மரண அறிவித்தலையும் அதன் மொழிபெயர்ப்பையும் கொடுத்தார். நீதிபதி அதை முழுவதும் வாசித்தார். வேறு ஆவணம் உண்டா என்று கேட்டார். இல்லை. தாயை இழந்தவன்மேல் தனக்கு இரக்கம் இருக்கிறது என்றார். ஆனால் ஒருமுறை எச்சரிக்கப்பட்டவன், கேட்டுவிட்டு, பதில் வருமுன் தெரிந்தே போயிருக்கிறான். இதை விட்டால் அந்த உத்தரவுக்கு என்ன பொருள், தாடை உடைந்தவருக்கு நான் என்ன சொல்வது என்றார். ஒத்திவைத்த தண்டனையின் பெரும்பகுதியை நடைமுறைப்படுத்தினார். தம்பி அண்ணனைப் பார்த்து, வேலைக்குக் கிளம்பும்போது ஆட்டுவதுபோலத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

பெட்டியை வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆடி மாதம் கடைசியில் ஒரு காலை. கணவர் வேலைக்குப் போயிருந்தார். வீட்டுப் போன் அடித்தது.

"பிள்ளை, நான் மாமி கதைக்கிறன்."

லண்டனில் எனக்கு எத்தனையோ மாமிமார். "எந்த மாமி?" என்று கேட்டேன்.

"எந்த மாமியோ? உன்ரை புருஷன்ரை தாய்."

நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். மாலை போட்ட படம். போனில் அதே குரல், கொஞ்சம் மெலிந்து. பதுங்குகுழியில் இறந்தது பக்கத்து வீட்டு அம்மாவாம். மாமிக்குக் காலில் காயம். கப்பலில் ஏற்றி வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வேறொரு முகாமுக்கு. யாரோ ஒருவருடைய போனைக் கெஞ்சி வாங்கியிருக்கிறார். எங்கள் இலக்கத்தின் கடைசி எண்கள் மறந்துபோய், மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தாராம்.

"பேத்தி நடக்கிறாளோ?"

"ஓம் மாமி."

"பெரியவன்?"

"வேலைக்குப் போட்டார் மாமி."

"சின்னவன் எங்கை? அவனிட்டைக் குடு போனை."

"அவரும் வேலைக்குப் போட்டார்."

லைன் போய்விட்டது. படத்தை இறக்கி, மாலையைக் கழற்றினேன். அந்த மாலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. குப்பையில் போடவும் மனம் வரவில்லை, வைத்திருக்கவும் பயமாக இருந்தது. கணவருக்குப் போன் செய்தேன். அவர் ஓட்டிக்கொண்டிருந்த வேலை வானை வீதியோரத்தில் நிறுத்தினார். பிறகு சிரிப்பும் அழுகையுமாக, "ரேடியோக்காரருக்கு அடிச்சு அறிவித்தலை வாபஸ் வாங்கவோ?" என்றார்.

அந்தப் பெண்மணிக்கும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் அவருக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. நான் அன்றே கேட்டேனே என்று ஒரு சொல் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. உங்கள் மாமி உயிரோடு இருப்பது எனக்கு மிகவும் சந்தோஷம் என்றார். குரல் உடைந்திருந்தது. இதனால் தம்பியை விடுவார்களா என்று கேட்டேன். இல்லை, அவர் உள்ளே இருப்பது தாய் இறந்தாரா இல்லையா என்பதற்காக அல்ல, அனுமதியில்லாமல் போனதற்காக என்றார். அவர் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கியதால் பாரம் குறையவில்லை.

அடுத்த பார்வை நாளில் சிறைக்குப் போனோம். கணவரால் சொல்ல முடியவில்லை. நான்தான் சொன்னேன். தம்பி மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அம்மாவுக்கு நான் ரெண்டாந்தரமும் செய்ய வேணும்."

"விசர்க் கதை கதையாதை," என்றார் கணவர்.

"அண்ணை, நான் இஞ்சை இருக்கிறன் எண்டு அவவுக்குச் சொல்லக் கூடாது. சத்தியமாச் சொல்லக் கூடாது." பிறகு என்னைப் பார்த்து, "காலிலை என்ன காயமாம்? நடக்கிறாவோ?" என்று கேட்டான். கண் நிறைந்தது அப்போதுதான்.

அவன் வெளியே வர இன்னும் மாதங்கள் இருக்கின்றன. மாமி எப்போதாவதுதான் போன் எடுக்கிறார், அதுவும் நான் தனியாக இருக்கும் நேரத்தில். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். ஒவ்வொரு தடவையும் சின்னவனைக் கேட்கிறார். வேலை, குளியல், கோவில், நித்திரை என்று எல்லாம் சொல்லிவிட்டேன். போன தடவை அவர் என்னிடம் கேட்ட கேள்வி வேறு. "பிள்ளை, உண்மையைச் சொல்லு. அவன் உயிரோடைதானே இருக்கிறான்?" ஓம் மாமி, சத்தியமாக இருக்கிறார் என்றேன். "அப்ப ஏன் என்னோடை கதைக்கிறான் இல்லை? அவன் இருக்கிறதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார்.

உறுதியாகத் தெரியாத ஒன்றை நாங்கள் எல்லாரும் சேர்ந்து அழுது உண்மையாக்கிக்கொண்டோம். எங்களோடு சேர்ந்து அழாமல் நின்று கேட்டவரைக் கல்நெஞ்சக்காரி என்றேன். அவர் அன்று ஓர் அனுமதி தந்திருந்தால் தம்பி இன்று வீட்டில் இருந்திருப்பான், அதுவும் உண்மைதான். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு சாவை ஊர் முழுக்க நம்பவைக்க எங்களுக்கு ஒரு போன் போதுமாக இருந்தது. உயிரோடு இருக்கும் ஒருவனைத் தாய் நம்புவதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை.

கணவர் உள்ளதைச் சொல்லிவிடு என்கிறார். தம்பி சத்தியம் வாங்கியிருக்கிறான். சொன்னால், தனக்குச் செய்த அந்தியேட்டிக்காகத்தான் மகன் சிறையில் இருக்கிறான் என்பதையும் அந்தக் காயத்தோடு அவர் தாங்க வேண்டும். சொல்லாவிட்டால், இருக்கிற மகனை இறந்துவிட்டான் என்றே அவர் நினைத்துக்கொள்ளக்கூடும். இதை வாசிக்கும் தாய்மாரே, என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர்களே, அடுத்த தடவை போன் அடிக்கும்போது எடுக்கப்போவது நான்தான். நான் என்ன சொல்லட்டும்? தயவுசெய்து எழுதுங்கள்.